சுவர் கழுவும் வேலை பற்றி அப்பாவுக்கு

ஸ்விண்டன், இங்கிலாந்து
நவம்பர் 17

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நானும் உங்கள் மருமகளும் நலம். அவளுக்கு இந்த மாதம் ஆஸ்பத்திரியில் இரவு வேலை. அம்மாவின் கால்வலி எப்படி இருக்கிறது? மலேசியாவில் நம் சுங்கை சிப்புட்டில் தினமும் சாயங்காலம் மழை என்று தங்கச்சி சொன்னாள்.

போன வாரம் போனில் அம்மா, "டிப்ளோமா படிச்சிட்டு அங்க போயி சுவரா கழுவுற?" என்று கேட்டார். நீங்கள் பக்கத்தில்தான் இருந்தீர்கள், ஒன்றும் பேசவில்லை. அதுதான் மனதில் கிடக்கிறது. போனில் சொல்ல வரவில்லை, எழுதுகிறேன்.

நான் செய்வது ஜன்னல் துடைக்கும் வேலை. கூடவே வீட்டின் வெளிப்பக்கத்தையும் கழுவுகிறோம். இங்கே 1960, 70களில் கட்டிய வரிசை வீடுகள் பலவற்றில், கீழ் ஜன்னலுக்கும் மேல் ஜன்னலுக்கும் நடுவே வெள்ளை பிளாஸ்டிக் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்று கவிந்தபடி அடித்திருப்பார்கள். கிளாடிங் என்பார்கள். பெயின்ட் செலவு மிச்சம், ஆனால் கழுவாமல் விட முடியாது. வடக்கு பார்த்த சுவர்தான் மோசம். நம் ஊரில் வெயில் உச்சிக்கு வந்துவிடும். இங்கே சூரியன் தெற்கே சாய்ந்தே போவதால் வடக்குச் சுவர் லேசில் காய்வதில்லை. பலகை இடுக்கெல்லாம் பச்சைப் பாசி.

ஏணி அதிகம் கிடையாது, அம்மாவிடம் சொல்லுங்கள். உயரத்தில் ஏறாமல் செய்ய முடிந்த வேலையை ஏறாமல்தான் செய்ய வேண்டும் என்று 2005-லிருந்து இங்கே சட்டம். மாமா எண்ணெய்க்காகச் செம்பனைக் குலை வெட்டும் நீளக் கம்பு ஞாபகம் இருக்கிறதா? அதே மாதிரி ஒரு கம்பு, நுனியில் கத்திக்குப் பதில் பிரஷ், உள்ளே தண்ணீர்க் குழாய். கார்பன் ஃபைபர், எடை குறைவு. ஆனால் அதிலும் மின்சாரம் பாயும். கம்பைத் தூக்குமுன் மேலே கரண்டுக் கம்பி இருக்கிறதா என்று பார்ப்பேன். மாமா கத்திக் கத்திச் சொன்னது அதைத்தானே.

தண்ணீரும் வேறு. இந்தப் பக்கம் சுண்ணாம்புத் தண்ணீர், கெட்டிலில் வெள்ளையாகப் படிந்துவிடும். அதை அப்படியே அடித்தால் கண்ணாடியில் புள்ளி புள்ளியாகக் காயும். அதனால் வேனிலேயே வடிகட்டி, தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் மீட்டரில் 0 காட்டிய பிறகுதான் குழாயைத் திறப்போம். துடைக்கவே வேண்டாம், தானாகக் காயும்.

இனி நான் சொல்ல வந்தது. சேர்ந்த மூன்றாவது வாரம், ஒரு பாட்டி வீட்டுப் பலகையில் கறுப்பாக ஒரு கறை. பாத்திரம் தேய்க்கும் பவுடரைப் போட்டு அழுத்தித் தேய்த்தேன். கறை போய்விட்டது, எனக்கு அவ்வளவு சந்தோஷம். அடுத்த மாதம் போய்ப் பார்த்தால் அந்த இடம் மட்டும் சாம்பல் நிறத்தில் இருந்தது. மேல் மினுமினுப்பை நான் சுரண்டி எடுத்துவிட்டேன்; கண்ணுக்குத் தெரியாத அந்தக் கீறலுக்குள் அழுக்கு போய் உட்கார்ந்துவிட்டது. இனி எத்தனை தடவை கழுவினாலும் அது அப்படித்தான் இருக்கும்.

அன்று ராத்திரி உங்களைத்தான் நினைத்தேன். எட்டு வயதில் என்னை நீங்கள் பால் வெட்டும் ரப்பர் மர நிரைக்குக் கூட்டிப் போனீர்கள். நெற்றி விளக்கு வெளிச்சத்தில் உளியைப் பட்டையில் வைத்து, "மேலாக வெட்டினா பால் வராது, ஆழமா வெட்டினா மரத்துக்குக் காயம். காயம் பட்ட இடம் முண்டாகிடும், அப்புறம் அங்க உளி போகாது" என்றீர்கள். வேலையை மேற்பார்க்கும் தண்டல் வந்து உங்கள் மரங்களைத் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போவாரே, அது உங்களுக்கு எவ்வளவு பெரிய பாராட்டு என்று இப்போதுதான் எனக்குத் தெரிகிறது.

இப்போது நானும் முதலில் கையால் தடவிப் பார்க்கிறேன். வெயில்பட்டுப் பழசான பலகையாக இருந்தால் உள்ளங்கையில் முகப் பவுடர் மாதிரி வெள்ளையாக ஒட்டும். அது அழுக்கல்ல, பிளாஸ்டிக்கே உதிர்கிறது. அங்கே மெதுவான பிரஷ், லேசான சோப்புத் தண்ணீர், அவ்வளவுதான். சோப்பைக் கீழிருந்து மேலே போட வேண்டும். மேலிருந்து போட்டால் அழுக்குத் தண்ணீர் காய்ந்த பலகையில் வழிந்து கோடு விழும். அலசுவது மட்டும் மேலிருந்து கீழே. தண்ணீரை வேகமாகப் பீய்ச்சும் பிரஷர் மெஷினைக் கீழிருந்து அடிக்கவே கூடாது, தண்ணீர் பலகைக்குப் பின்னால் ஏறிவிடும். முதலாளி இப்போதெல்லாம் பழைய வீடுகளுக்கு என்னைத்தான் அனுப்புகிறார்.

மழை பெய்தால் உங்களுக்குப் பால் வெட்டு இல்லை. எங்களுக்கு மழையிலும் வேலை உண்டு, தண்ணீர் உறைந்தால்தான் லீவு. டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும். கையுறை நனைந்தால் விரல் மரத்துப் போகும், அதுதான் சிரமம். வேறு குறை இல்லை. காசு விஷயம் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

தாமான் குடியிருப்பில் உள்ள நம் வீட்டு முன்சுவரில் பாசி ஏறியிருப்பதைத் தங்கச்சி படம் எடுத்து அனுப்பினாள். அம்மாவை நாற்காலி போட்டு ஏற விடாதீர்கள், கம்பிப் பிரஷ்ஷாலும் தேய்க்க வேண்டாம். மார்ச்சில் வரும்போது பிரஷ்ஷின் தலையை மட்டும் பெட்டியில் போட்டுக் கொண்டு வருகிறேன். கம்புக்கு மாமாவிடம் பழையது ஒன்று இருக்கும். நீங்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பாருங்கள், நான் கழுவுகிறேன்.

அன்பு மகன்