கோயிலுக்கு ஒரு மூலை மண்ணையாவது விட்டு வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மகளின் பிரசவத்துக்காக கனடாவில் வான்கூவர் நகரத்தில் மூன்று மாதம் இருந்துவிட்டுப் போன வாரம்தான் பினாங்கு திரும்பினேன். அங்கே சைனாடவுனில் ஒரு சீனத் தோட்டம் பார்த்தேன், அதிலிருந்து மனசு நம் கோயில்களில் காணாமல் போன பூந்தோட்டத்தையே சுற்றிக்கொண்டிருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

தோட்டத்தின் பெயர் டாக்டர் சன் யாட் சென் தோட்டம். சீனாவில் மன்னராட்சியைக் கவிழ்த்த புரட்சித் தலைவர் அவர். பினாங்கில் அவருடைய இயக்கம் இயங்கிய ஆர்மேனியன் தெரு 120ஆம் எண் வீட்டைத் தாண்டிப் போகிற நமக்கு அந்தப் பெயர் புதிதில்லை. 1910இல் அவர் குடும்பத்தோடு பினாங்கில் இருந்தார், இங்கே கூட்டம் கூட்டித்தான் அடுத்த ஆண்டு குவாங்சோவில் நடந்த எழுச்சிக்குத் திட்டம் போட்டார்கள். அவ்வளவு தூரம் போய் அந்தப் பெயரைப் பார்த்ததும் ஊர்க்காரர் ஒருவரைப் பார்த்த மாதிரி இருந்தது. சரி, உள்ளே போவோம் என்று மருமகனோடு டிக்கெட் எடுத்து நுழைந்தேன்.

1986இல் திறந்த தோட்டம் அது. சீனாவின் சுசோ நகரத்திலிருந்து 50க்கும் மேற்பட்ட கைவினைஞர்கள் வந்து, மரம், ஓடு, கல் எல்லாம் அங்கிருந்தே பெட்டி பெட்டியாகக் கொண்டு வந்து, ஆணி அடிக்காமல் மரத்தோடு மரத்தைக் கோத்துக் கட்டியிருக்கிறார்கள். இடம் என்னவோ சின்னதுதான். ஆனால் பாதை வளைந்து வளைந்து போகிறது, ஒவ்வொரு திருப்பத்திலும் மதிலில் வேலைப்பாடுள்ள ஒரு ஜன்னல், அதன் வழியாக ஒரு மூங்கில் புதரோ துளை விழுந்த ஒரு பாறையோ தெரியும், மொத்தத் தோட்டமும் எந்த இடத்தில் நின்றாலும் கண்ணில் அகப்படாது, அதனாலேயே பெரிய இடத்தில் நடக்கிற உணர்வு. வெள்ளை மதிலுக்கு மேலே அடுக்குமாடிக் கட்டடங்கள் நிற்கின்றன, வெளியே பஸ் ஓடுகிறது. உள்ளே தண்ணீர்ச் சத்தம்தான்.

நான் போன அன்று மழை. தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றோம். கூரை விளிம்பில் வரிசையாக நாக்கு மாதிரி ஓடுகள் வைத்திருக்கிறார்கள், ஒவ்வோர் ஓட்டின் நுனியிலிருந்தும் தனித்தனியாகத் தண்ணீர் இறங்கியதில் கண்முன்னால் மணிச்சரம் கட்டித் தொங்கவிட்டது போல இருந்தது. கீழே தரையில் கூழாங்கல்லையும் உடைந்த ஓட்டுத் துண்டுகளையும் செங்குத்தாகப் பதித்துக் கோலம் போட்டிருந்தார்கள். தாத்தா வீட்டு முற்றம் ஞாபகத்துக்கு வந்து கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை.

அந்த வட்டாரத்தின் ஊடே பெருஞ்சாலை போட 1960களின் கடைசியில் நகர நிர்வாகம் திட்டமிட்டதாம், அங்கே குடியிருந்தவர்கள் விடாமல் எதிர்த்து நிறுத்தியிருக்கிறார்கள். அப்புறம் 2018இல் எங்கிருந்தோ ஒரு நீர்நாய் குளத்துக்குள் புகுந்து பெரிய மீன்களில் முக்கால்வாசியைத் தின்றுவிட, ஊரே அதைப் பற்றித்தான் பேசியதாம். ஒரு சின்னக் குளத்தின் மேல் அவர்களுக்கு அவ்வளவு பாசம்.

இப்போது நம் விஷயத்துக்கு வருகிறேன். நமக்கும் இப்படி ஒன்று இருந்தது, அதற்கு நந்தவனம் என்று பெயர். நான் 40 வருஷமாகக் கும்பிடுகிற கோயிலில் பின்பக்கம் பவளமல்லி, நந்தியாவட்டை, செம்பருத்தி, வில்வம் எல்லாம் நின்றன. விடியற்காலையில் துண்டை விரித்துப் போட்டால் பவளமல்லி அதிலேயே கொட்டிக் கிடக்கும், அதைத்தான் சாமிக்குப் போடுவார்கள். சில வருஷத்துக்கு முன்னால் கார் நிறுத்த இடம் போதவில்லை என்று அத்தனையையும் வெட்டி சிமெண்டு போட்டுவிட்டார்கள். இப்போது மத்தியான வேளையில் பிராகாரம் சுற்றினால் உள்ளங்கால் பொசுங்குகிறது, வயசான அம்மாக்கள் ஓட்டமும் நடையுமாகச் சுற்றுகிறார்கள். மழை பெய்தால் தண்ணீர் போக வழியில்லாமல் படிவரைக்கும் நிற்கிறது. பூவோ பிளாஸ்டிக் பையில் வருகிறது.

நிர்வாகத்தில் இருப்பவர்கள் கெட்டவர்கள் இல்லை, திருவிழா நாளில் கார்களை எங்கே நிறுத்துவது என்ற அவர்கள் கஷ்டமும் எனக்குத் தெரியும். ஆனால் இடமில்லை என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. நாலு கார் நிற்கிற இடம் போதும். சுற்றி இடுப்பளவு மதில், நடுவில் ஒரு சின்னத் தொட்டியில் தாமரை, ஓரத்தில் உட்கார ஒரு கல் திண்ணை, பூச்செடிகள். கட்டடத் திருப்பணிக்கு லட்சக்கணக்கில் வசூல் செய்கிற நமக்கு இது ஒரு செலவா? பினாங்கு, கூலிம், பட்டர்வொர்த் பக்கத்துக் கோயில் நிர்வாகத்தினர் யாராவது இதைப் படித்தால், அடுத்த கும்பாபிஷேகத் திட்டத்தில் நந்தவனத்துக்கு என்று ஒரு மூலையைக் கோடு போட்டு ஒதுக்கிவிடுங்கள், அப்புறம் அதன் மேல் சிமெண்டு போட விடாதீர்கள்.

வெட்டுவதற்கு முதல் நாள் அந்தப் பவளமல்லியில் ஒரு கிளையை ஒடித்து வந்து தொட்டியில் நட்டேன். அது இப்போது என் தோள் உயரம் இருக்கிறது. எந்தக் கோயில் கேட்டாலும் கன்று போட்டுத் தருகிறேன்.

ஒரு வாசகி,
ஆயர் ஈத்தாம், பினாங்கு