பெயருக்கு முன் விதியைச் சொல்லுங்கள்: தமிழரசுக் கட்சிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய இலங்கைத் தமிழரசுக் கட்சித் தலைமைக்கும் மத்திய குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். அடுத்த ஜனாதிபதித் தேர்தலில் தமிழர் தரப்பில் ஆர் நிற்பது என்ற பேச்சு இப்போதே தொடங்கிவிட்டது. கலியாண வீட்டுப் பந்தியில் ஒரு பெயர், முகநூலில் இன்னொரு பெயர். பெயர்கள் உலவட்டும், அதில் எங்களுக்குக் கோபமில்லை. ஆனால் எந்த விதிப்படி, எந்தத் திகதிக்குள், ஆர் கூடித் தீர்மானிப்பீர்கள் என்று நீங்கள் எழுத்தில் தந்த ஒரு வரியைக்கூட நாங்கள் காணவில்லை.

2024 இன் திகதிகளை ஒருமுறை வரிசையாக வைத்துப் பாருங்கள். தேர்தல் அறிவிப்பு ஜூலை 26. தமிழ்ப் பொது வேட்பாளராக அரியநேத்திரன் அறிவிக்கப்பட்டது ஓகஸ்ட் 8. வேட்புமனு ஓகஸ்ட் 15. வவுனியாவில் உங்கள் மத்திய குழு கூடி, ஐக்கிய மக்கள் சக்தியின் சஜித் பிரேமதாசவுக்கே ஆதரவு என்றது செப்ரெம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை. தபால்மூல வாக்களிப்பு தொடங்கியது செப்ரெம்பர் 4, புதன்கிழமை. ஆசிரியரும் தாதியரும் கச்சேரி (மாவட்டச் செயலக) ஊழியரும் யோசிப்பதற்கு நீங்கள் விட்டுவைத்தது இரண்டே நாள். அந்த இரண்டு நாளிலும் தெளிவு கிடைக்கவில்லை. வேட்பாளர் உங்கள் மத்திய குழுவைச் சேர்ந்தவர், தீர்மானமோ வேறொருவருக்கு. உங்கள் கட்சியின் சிறீதரன் அரியநேத்திரனின் சங்குச் சின்னத்துக்கு, சுமந்திரன் சஜித்தின் தொலைபேசிச் சின்னத்துக்கு.

அந்த வாக்குச்சீட்டை நினைத்துப் பாருங்கள். இரண்டு அடிக்கு மேல் நீளம், 39 பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு சின்னம், பக்கத்தில் விருப்ப வரிசைப்படி 1, 2, 3 என்று எழுத ஒரு வெற்றுக்கட்டம். வாழ்நாள் முழுக்க உங்கள் கட்சியின் வீட்டுச் சின்னத்தைத் தேடிப் பழகிய முதியவர் அதில் மேலிருந்து கீழ்வரை தேடினாலும் வீடு இல்லை. ஒருவருக்கு மட்டும் புள்ளடி (X) போட்டால் அது முதல் விருப்பாக எண்ணப்படும். சங்கையும் விட மனமில்லை, கட்சி சொல்லையும் தட்ட மனமில்லை என்று இரண்டுக்கும் புள்ளடி போட்டால் சீட்டு செல்லாது. 1 எழுதாமல் 2 மட்டும் எழுதினாலும் செல்லாது. யாழ்ப்பாண மாவட்டத்தில் நிராகரிக்கப்பட்ட வாக்குகள் 25,353. அளிக்கப்பட்ட ஒவ்வொரு 100 இலும் ஆறுக்கு மேல். நாடு முழுவதும் அது இரண்டு சொச்சம்தான். முழுப் பழியும் உங்கள் தலையில் என்று சொல்லமாட்டோம். ஆனால் கிராமம் கிராமமாகப் போய் மாதிரிச் சீட்டை விரித்துக் காட்ட வேண்டிய ஆட்கள் தேர்தலுக்கு முந்திய மூன்று கிழமையும் ஒருவரையொருவர் மறுத்து அறிக்கை விட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சண்டைக்குத் தேவையே இருக்கவில்லை என்பதுதான் எங்களுக்கு ஆறாத விடயம். எவரும் பாதிக்கு மேல் எடுக்காவிட்டால் முதல் இருவரைத் தவிர மற்றவர்கள் நீக்கப்படுவார்கள். நீக்கப்பட்டவர்களின் சீட்டுகளில் 2 ஐயும், அது பயன்படாவிட்டால் 3 ஐயும் பார்த்து அந்த இருவருக்கும் சேர்ப்பார்கள். சங்குக்கு 1, இன்ன கோரிக்கையை எழுத்தில் ஏற்பவருக்கு 2 என்று ஒரே துண்டுப்பிரசுரம் போட்டிருந்தால் இரண்டு அணியும் ஒரே மேடையில் நின்றிருக்கலாம். 2024 இல்தான் முதன்முறையாக அந்த இரண்டாம் எண்ணிக்கை நடந்தது. நீக்கப்பட்டவர்களுக்கு விழுந்த 33 இலட்சத்துக்கு மேற்பட்ட சீட்டுகளில் இருவருக்கும் போய்ச் சேர்ந்தவை 273,131 மட்டுமே. அரியநேத்திரன் எடுத்த 226,343 வாக்குகளையும் காட்டிப் பேரம் பேச ஒரு வழி இருந்தது. 1 ஆருக்கு என்ற இழுபறியில் 2 என்ற எண்ணே மறந்துபோனது.

எனவே கேட்கிறோம், பெயருக்கு முன் விதியைச் சொல்லுங்கள். சொந்தமாக ஒருவரை நிறுத்துவதா, இன்னொருவரை ஆதரிப்பதா என்பதை எந்தக் குழு, எத்தனை பங்கு வாக்கால் முடிவெடுக்கும்? முடிவுக்கு மாறாகப் பிரசாரம் செய்பவருக்கு என்ன நடக்கும்? இரண்டாம் விருப்பை ஆர், என்ன நிபந்தனையில் அறிவிப்பார்? கடைசித் திகதி எது? வேட்புமனுவுக்கு ஆறு மாதம் முன் என்பது எங்கள் கோரிக்கை. 2029 தானே, இன்னும் காலம் கிடக்கிறது என்று நினைக்கவேண்டாம். முதல் தவணையில் நாலு வருடம் முடிந்ததும் ஜனாதிபதி விரும்பினால் முன்கூட்டியே மக்களிடம் போகலாம். அந்த அறிவிப்பு 2028 செப்ரெம்பரிலேயே வரக்கூடும்.

இன்னொன்று. சுயேச்சையாக நிற்பவர் நாடாளுமன்ற உறுப்பினராக இருக்க வேண்டும், அல்லது முன்பு இருந்திருக்க வேண்டும். பேராசிரியர், மதகுரு, சட்டத்தரணி என்று அடிபடும் பெயர்களுக்கு அந்தத் தகுதி இல்லையென்றால் அங்கீகரிக்கப்பட்ட கட்சி ஒன்று முன்மொழிந்தாக வேண்டும். உங்களைப்போன்ற ஒரு கட்சியின் கையெழுத்து இல்லாமல் அந்தப் பெயர்கள் வேட்புமனு வரைக்கும் போகமாட்டா. இதை வெளிப்படையாகச் சொன்னாலே பாதி ஊகம் அடங்கும்.

வடமாகாண சபையின் காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தல் இல்லை, ஆளுநர் ஆட்சிதான். கையில் கிடைத்த சபைக்குத் தேர்தல் கேட்டு வீதியில் இறங்க ஆளில்லை, கிடைக்காத கதிரைக்கு வேட்பாளர் பேசப் பத்துப் பேர். 2024 நவம்பரில் யாழ் மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றைத் தேசிய மக்கள் சக்தி எடுத்தது, உங்களுக்குக் கிடைத்தது ஒன்று. சனம் அலுத்துப் போயிருக்கிறது என்பதற்கு இதற்கு மேலும் ஒரு கணக்கு வேண்டுமா?

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருளுங்கள். உங்களை எதிரியாக நினைத்திருந்தால் இந்த மடலே எழுதியிருக்கமாட்டோம். அடுத்த மத்திய குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் இதை ஒரு விடயமாகச் சேர்த்து, எடுக்கும் விதியை ஒரு பக்கத்தில் அச்சிட்டுப் பத்திரிகைகளுக்குக் கொடுக்குமாறு தயவாய்க் கேட்டுக்கொள்கிறோம். பெயர் அதற்குப் பிறகு வரட்டும்.

நன்றியுடன்,
வடக்கு, கிழக்கு வாக்காளர் சிலர்