கொழும்புத்துறையிலிருந்து ஒரு பிறேக் கதை

கொழும்புத்துறை,
26 தை 2026

அன்புள்ள மச்சான்,

நாங்கள் நலம். முழங்கால் வழமைபோல. நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முதல் கடிதம் போடுகிறேன் என்று சொன்னவன் நான். இருபத்தைந்து நாள் திருவிழாவும் முடிந்து, தீபாவளி போய், பொங்கலும் போய்விட்டது. மறந்து இருக்கவில்லை. ஒரு விஷயத்தைச் சொல்லப் பயந்து இருந்தேன். சரி, ஒரேயடியாகச் சொல்லிவிடுகிறேன்: நீ என்னிடம் விட்டுப்போன உன் பென்ஸை ஒரு கலியாணத்துக்குக் கொடுத்துவிட்டேன்.

உடனே போனை எடுக்காதே. முழுக்க வாசி.

குஞ்சியக்கா கேட்டா. குஞ்சியக்கா கேட்டு நீ எப்போதாவது மாட்டேன் என்று சொல்லியிருக்கிறாயா? அவவின் கடைசி மகளுக்குக் கலியாணம். மானிப்பாய் மருதடிப் பிள்ளையார் கோவிலில் தாலிகட்டு. மாப்பிள்ளைக்கு நல்ல கார் வேண்டுமாம். நான்தான் ஓட்டினேன், ஆரிடமும் சாவி கொடுக்கவில்லை. மல்லிகைச்சரம், றிபன் எல்லாம் கட்டி, கறுப்பு நிறத்தில் வடிவாகத்தான் இருந்தது. கோவில் வாசலில் மேளகாரர் ஒரு உருப்படியை முடித்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். அந்த அமைதிக்குள் நான் பிறேக்கில் காலை வைத்தேன்.

கீ... என்று ஒரு சத்தம் மச்சான். நாதஸ்வரக்காரர் திரும்பிப் பார்த்தார். ஒரு பெடியன் அதைப் போனில் வீடியோ எடுத்துவிட்டான். கொக்கர் சும்மா இருப்பாரா? "பென்ஸ் சுருதி பிடிக்குது" என்றார். மாப்பிள்ளை பகுதிக்காரர் சிரித்துத் தீர்த்தார்கள்.

இதில் பாதிக் குற்றம் உன்னுடையது. நீ 2019 இல் வந்து நின்ற மூன்று கிழமையும் காலையில் காரைப் பின்னுக்கு எடுக்கும்போது இந்தச் சத்தம் வரும். "உப்புக் காத்துக்கு டிஸ்க்கில கறள் பிடிச்சிருக்கு, இரண்டு தரம் பிறேக் பிடிச்சால் போயிடும்" என்று சொன்னாய். அப்போது போனதுதான். அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு இத்தனை வருஷம் இருந்துவிட்டேன். ஆனால் இந்த முறை இரண்டு தரமல்ல, இருநூறு தரம் பிடித்தும் போகவில்லை.

முதலில் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். எது என்று கேட்காதே, பெடியன் பாவம். சத்தத்தைக் கேட்டவுடனேயே "பிறேக் பாட் முடிஞ்சுது அங்கிள்" என்றான். சில்லோடு சுற்றும் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கிற கட்டைதான் பாட். அவன் பழகியது கொரோலாவிலும் விட்ஸிலும். ஜப்பான் கார்களில் பாட்டோடு ஒரு சின்னத் தகட்டு நாக்கு இருக்கும். பாட் தேய்ந்து முடியப்போகும்போது அந்த நாக்கு டிஸ்க்கில் உரசிக் கத்தும். கத்தட்டும் என்றே வைத்தது அது. உன் காரில் அந்த நாக்கு இல்லை. பாட்டுக்குள் ஒரு வயர் போகிறது. தேய்ந்து அந்த வயர் டிஸ்க்கில் பட்டால் மீற்றருக்குள் எழுத்து வரும். ஒரு எழுத்தும் வரவில்லையே என்று எனக்கு அப்போது சொல்லத் தெரியவில்லை. பேர் இல்லாத பெட்டியிலிருந்து நாலு பாட்டை எடுத்துப் போட்டான். பழையதைக் கையில் வாங்கிப் பார்த்தால் அரைவாசிக்கு மேல் மிச்சம் இருக்கிறது. முகம் மட்டும் கண்ணாடிபோல மினுங்கியது.

புதுப் பாட் போட்டுச் சத்தம் கூடியது. முதல் ஒரு சுருதி, இப்போது இரண்டு. றிம் எல்லாம் கரித்தூள்.

பிறகுதான் கோப்பாய்ப் பக்கம் ஒரு ஐயாவைப் பிடித்தேன். கொழும்பில் முப்பது வருஷம் பென்ஸ் வேலை செய்தவர். காரைப் பார்த்தார், நம்பரைப் பார்த்தார், "இது 2005 கார். இதின்ரை பிறேக்கை ஆர் திறந்தது? அவருக்குப் பத்து விரலும் இருக்கோ?" என்று கேட்டார். பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

உன் காரில் எஸ்.பி.சி. என்று ஒரு பிறேக் இருப்பது உனக்குத் தெரியுமா? பெடலுக்கும் சில்லுக்கும் நடுவில் கம்பியூட்டர். ஒரு பம்ப் எண்ணெயை அழுத்தத்தோடு சேர்த்து வைத்திருக்கிறது. கார் கதவைத் திறந்தாலே அது தானாக விழித்துப் பிறேக்கைப் பிடித்துப் பார்க்கும். பாட்டைக் கழற்றிக் கையை உள்ளே வைத்திருக்கும்போது ஆராவது கதவைத் திறந்தால் விரல் போச்சு. அதனால் முதலில் கம்பியூட்டர் போட்டு அதை உறங்கவைக்க வேண்டும். 2004 மே மாதம் 680,000 கார்களைக் கம்பனியே இந்த எஸ்.பி.சி.க்காகத் திருப்பிக் கூப்பிட்டது. 2006 இல் உன்னுடையது போன்ற ஈ கிளாஸில் அதை விட்டுவிட்டுப் பழையபடி சாதாரண பிறேக்குக்கு வந்துவிட்டார்கள். அந்தப் பெடியன் பாட் மாற்றும்போது, உள்ளே இருந்து றேடியோவில் பாட்டுக் கேட்கலாம் என்று நான் கதவைத் திறக்கப் போனேன் மச்சான். ஒரு பிளேன்டீ வந்ததால் திறக்கவில்லை. இரண்டு இரவு நித்திரை இல்லை.

ஐயா ஒரு காலைநேரம் முழுக்க வேலை செய்தார். நான் ஸ்டூல் போட்டுப் பக்கத்தில் இருந்தேன். டிஸ்க்கின் ஓரத்தில் கறள் ஒரு வரம்புபோல ஏறி நின்றது. பாட்டைப் பிடித்திருக்கும் கலிப்பரின் ஊசிகள் கிறீஸ் இல்லாமல் காய்ந்து இறுகியிருந்தன. பாட்டின் முதுகில் ஒட்டியிருக்க வேண்டிய மெல்லிய தகட்டைப் பெடியன் திரும்பப் போடவே இல்லை. பாட்டும் டிஸ்க்கும் பிடித்து, வழுக்கி, திரும்பப் பிடித்து, செக்கனுக்கு ஆயிரக்கணக்கான தரம் துடிக்கிறதாம். வயலினில் வில் செய்வதும் இதுதான் என்றார். முதுகுத் தகடு அந்தத் துடிப்பை அமர்த்தத்தான் இருக்கிறது. டிஸ்க்கின் தடிப்பை அளந்து, அதிலேயே அடித்திருக்கும் ஆகக் குறைந்த அளவோடு ஒப்பிட்டு, "இது இன்னும் ஓடும், மாத்தாதையுங்கோ" என்றார். எனக்கு அவரைக் கும்பிட வேண்டும்போல இருந்தது. ஒரிஜினல் பாட் கொழும்பு பஞ்சிகாவத்தையில் வாங்கி இரவு பஸ்ஸில் வந்தது, 38,000. பிறேக் எண்ணெயையும் மாற்றினார். இரண்டு வருஷத்துக்கு ஒருக்கால் மாற்ற வேண்டியதாம், அது ஈரத்தை உறிஞ்சும். நீ வாங்கின நாளிலிருந்து மாற்றவே இல்லை. பில் துண்டுகளை ஒரு கவருக்குள் வைத்திருக்கிறேன். கணக்குப் பிறகு பார்ப்போம்.

கடைசியில் கோப்பாய் – கைதடி வெளியில் விடியக்காலை கொண்டுபோய், அறுபதில் ஓட்டிப் பத்துக்கு இறக்கி, நிற்பாட்டாமல் திரும்ப அறுபது. பத்துத் தரம். பாட்டும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பழக வேண்டுமாம். வயலுக்குள் நின்ற ஒருவர் எனக்கு விசர் என்று நினைத்திருப்பார். எனக்கு உன் அப்புவின் ஒஸ்ரின் ஏ40 ஞாபகம் வந்தது. மண்ணெண்ணெயில் ஓடின அந்தக் காருக்கு ஏது பிறேக்? வேப்பமரம்தான்.

இப்போது சத்தமே இல்லை. ஆனால் ஐயா ஒன்று சொன்னார்: கிழமைக்கு ஒருக்கால் ஒழுங்கையைச் சுற்றி வந்தால் போதாது, இந்தக் கார் ஓடாமல் நின்றுதான் பழுதாகிறது. 2022 தட்டுப்பாட்டில் கியூஆர் வரிசையில் நின்று பெற்றோல் எடுத்து அதைக் காப்பாற்றினேன். 2020 இலிருந்து வாகன இறக்குமதி இல்லாமல் இருந்தபடியால் பழைய பென்ஸுக்கும் பவுண் விலை. போன வருஷம் மாசியில் திறந்துவிட்டார்கள். இனி விலை என்னவாகுமோ. விற்கவா, வைத்திருக்கவா என்று நீ சொல்லவேண்டும். எனக்கு அறுபத்தொன்பது வயது மச்சான்.

இன்னொன்று. சனிக்கிழமைகளில் உங்கள் வீட்டுக்குப் போய் அம்மாவைப் பார்த்து வருகிறேன், தெரியும்தானே. படலையடியில் அந்தக் கீச்சுச் சத்தம் கேட்டால் விறாந்தையிலிருந்து எழும்பி, "தம்பி வந்திட்டானோ?" என்பா. நீ வந்து நின்றபோது காலையில் கேட்ட சத்தமல்லவா. "இல்லை அம்மா, நான்தான்" என்று சொல்வேன். சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துப்போனது. ஆரம்பத்தில் பகிடியாகத்தான் இருந்தது.

போன சனிக்கிழமை காரை உள்ளே கொண்டுபோய் நிற்பாட்டிக் கதவைச் சாத்தியும் அம்மாவுக்குத் தெரியவில்லை. கதிரையில் ஒழுங்கையைப் பார்த்தபடி இருந்தா. கிட்டப் போய்க் கையைத் தொட்ட பிறகுதான் திரும்பினா. "கார் கொண்டு வரேல்லையோ?" என்று கேட்டா.

வரும் திகதியை ஒரு மாதத்துக்கு முதலே சொல்லு. பற்றறியைச் சார்ஜில் போட வேண்டும்.

இப்படிக்கு,
வேப்பமரம்