முதலில் உட்காருங்கள், அப்புறம் ஜெபிக்கலாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்காவில் வீடில்லாமல் தெருவில் கிடக்கும் முன்னாள் ராணுவத்தினரிடையே இங்குள்ள தமிழ்ச் சபைகளும் ஊழியம் செய்ய வேண்டும் என்று ஒரு வாசகர் உங்கள் பத்திரிகையில் எழுதியிருந்தார். நல்ல மனதோடு எழுதியிருக்கிறார். ஆனால் போர்வையும் கைப்பிரதியும் கொடுத்து, நாலு பாட்டுப் பாடி, ஜெபித்துவிட்டு வேனில் ஏறி வருவதைத்தான் அவர் ஊழியம் என்கிறார். லாஸ் ஏஞ்சலஸில் இந்த வேலை செய்யும் சாப்ளின்களோடு, அதாவது ராணுவம், மருத்துவமனை போன்ற இடங்களில் ஆன்மிக ஆறுதல் தரும் போதகர்களோடு, கூடப் போய் வருகிறவன் நான். அது போதாது, சில நேரம் கெடுதலாகவும் முடிகிறது.

1988-ல் சான் டியேகோவில் வியட்நாம் போரில் இருந்தவர்கள் தொடங்கிய 'ஸ்டாண்ட் டவுன்' முகாம் இப்போது நாடு முழுக்க நடக்கிறது. சாப்பாடு, குளியல், முடிவெட்டு, வைத்தியம், வழக்கறிஞர் என்று எல்லாம் ஒரே மைதானத்தில் கிடைக்கும். அப்படி ஒரு முகாமில், நாற்பதைத் தாண்டிய ஒருவர் காலைக் காட்ட வந்தார். சாக்ஸ் தோலோடு ஒட்டிப்போயிருந்தது. சாப்ளின் தரையில் உட்கார்ந்து, வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி ஊற்றி அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தெடுத்தார். கேட்டதெல்லாம் "எந்த யூனிட்ல இருந்தீங்க?" என்ற ஒரே கேள்விதான். ரொம்ப நேரம் கழித்து வந்தவரே பேசினார்: ஈராக்கில் லாரி ஓட்டினாராம், வழியில் யார் குறுக்கே வந்தாலும் வண்டியை நிறுத்தக் கூடாது என்று உத்தரவாம், "நான் நிறுத்தல" என்றார். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, சாப்ளினும் கேட்கவில்லை, புதுச் சாக்ஸை மாட்டிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

மருத்துவர்கள் இதை மனசாட்சிக்கு ஏற்பட்ட காயம் என்கிறார்கள். பயத்தால் வரும் மனநோய் வேறு, இது வேறு. மாத்திரை தூக்கத்தைக் கொடுக்கலாம், குற்ற உணர்வை எடுத்துவிடாது. "உத்தரவுக்குத்தானே கட்டுப்பட்டீர்கள், உங்கள் மேல் என்ன தப்பு?" என்று சொன்னாலும் அவர்களுக்கு ஆறுதல் வருவதில்லை, ஏனென்றால் தப்பு என்று அவர்களுக்கே தெரிகிறது. இங்கேதான் சபையிடம் கொடுப்பதற்கு ஒன்று இருக்கிறது. ரத்தப்பழியிலிருந்து விடுவிக்கச் சொல்லித் தாவீது கதறுகிற 51-ஆம் சங்கீதம் நம் வேதத்தில்தானே இருக்கிறது? ஆனால் அந்த மனிதர் வாயைத் திறப்பதற்கு முன்பே, வந்த ஐந்தாவது நிமிடத்தில், "இயேசு உங்களை மன்னித்துவிட்டார் பிரதர்" என்று நாம் சொல்லிவிட்டால் அவர் சொல்ல வந்ததையும் விழுங்கிவிடுவார். மன்னிப்பு உண்மைதான், நானும் அதை விசுவாசிக்கிறவன்தான். பாரத்தை முழுசாக இறக்கி வைக்க விடாமல் மன்னிப்பை மட்டும் நீட்டினால் அது அவர் கைக்குப் போய்ச் சேராது.

சாப்பாட்டுக்கு முன் ஒரு மணி நேரம் பிரசங்கம் கேட்டே ஆக வேண்டும் என்று பசித்தவர்களை வரிசையில் நிறுத்தி வைத்த ஒரு சபையையும் பார்த்தேன். எனக்கு வயிறு எரிந்தது. வி.ஏ. எனப்படும் முன்னாள் படைவீரர் துறையில் வேலை செய்யும் சாப்ளின்கள், கேட்காதவரிடம் தங்கள் மதத்தைத் திணிக்கக் கூடாது என்பது விதி. அந்த விதி நமக்கு இல்லைதான், ஆனால் அந்த மரியாதை நமக்கும் வேண்டாமா?

சரி, இன்னொரு பக்கம். 2010-ல் இந்த நாட்டில் வீடில்லாத முன்னாள் படைவீரர்கள் 74,000-க்கும் மேல் இருந்தார்கள், 2024 ஜனவரி கணக்கெடுப்பில் அது 32,882. வாடகைக்கு அரசு உதவியும், கூடவே நின்று பார்த்துக்கொள்ள ஓர் அலுவலரும் கிடைக்கும் ஹட்-வாஷ் போன்ற திட்டங்களுக்கு இந்தக் குறைவில் பெரிய பங்கு உண்டு. நன்னடத்தைச் சான்று இல்லாமல் ராணுவத்திலிருந்து அனுப்பப்பட்டவர்கள் பலர், தங்களுக்கு எதுவுமே கிடையாது என்று முடிவு கட்டி, கேட்கக்கூடப் போவதில்லை. ராணுவ நீதிமன்றம் தண்டித்து வெளியேற்றியவர்கள் கதை வேறு, மற்றவர்களில் பலருக்கு ஹட்-வாஷ் கதவு திறந்துதான் இருக்கிறது. டிடி-214 என்ற விடுவிப்புப் பத்திரம் தொலைந்துபோயிருந்தால் திரும்ப வாங்கலாம். விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்து, அலுவலகத்துக்குக் கூடவே போய், சாவி கைக்கு வருகிற வரை விடாமல் பின்தொடர்வதும் ஊழியம்தான். நம் சபைகளில் கணினி தெரிந்தவர்களுக்கும் படிவம் நிரப்பத் தெரிந்தவர்களுக்கும் பஞ்சமே இல்லை!

வீடு கிடைத்த பிறகும் போக வேண்டும். தெருவில் சுற்றி நாலு பேர் இருந்தார்கள், புது வீட்டில் நாலு சுவர்தான். ராத்திரி அந்தத் தனிமையில் பலர் உடைந்துபோகிறார்கள். 2022-ல் மட்டும் 6,407 முன்னாள் படைவீரர்கள் தற்கொலை செய்துகொண்டதாக வி.ஏ. அறிக்கை சொல்கிறது. அதனால் வருஷத்தில் ஒரு கிறிஸ்துமஸுக்கு நூறு பேரைப் பார்க்கும் சபையைவிட, ஒரே ஆளை வாராவாரம் போய்ப் பார்க்கும் சபைதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

போக நினைக்கும் சபைகள் முதலில் தங்கள் ஊர் வி.ஏ. மருத்துவமனையின் சாப்ளின் அலுவலகத்தில் பேசட்டும், என்ன தேவை என்று அவர்களே சொல்வார்கள். ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள்: 988-ஐ அழைத்து 1-ஐ அழுத்தினால் முன்னாள் படைவீரர்களுக்கான நெருக்கடி உதவி இரவு பகலாகக் கிடைக்கும், வி.ஏ.வில் பதிவு செய்யாதவர்களும் குடும்பத்தாரும்கூட அழைக்கலாம். இதைத் தயவுசெய்து பெட்டிச் செய்தியாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், லாஸ் ஏஞ்சலஸ்