முழங்கால் காயமும் நீ கேட்ட கேள்வியும்

அன்புள்ள கலா,

எட்டு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. திட்டுவதென்றால் இப்போதே திட்டிவிடு, அப்புறம் உட்கார்ந்து நிதானமாகப் படி. இங்கே எல்லோரும் நலம். அவருக்கு முதுகுவலி தேவலை, பெரியவன் என் தோளைத் தாண்டி வளர்ந்துவிட்டான், அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அந்தக் குடை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, வனஜாவிடம் சொல்லிவிடாதே.

நேற்று உன் கடிதம் வந்தது. நீங்கள் தத்தெடுக்க நினைக்கிற பையனின் ஃபைல் வந்துவிட்டது, மூன்று வயது, 'லேசான வளர்ச்சித் தாமதம்' என்று ஒரே வரியில் எழுதியிருக்கிறார்கள், இரண்டு வாரத்தில் பதில் சொல்ல வேண்டும், சரி என்று சொல்லலாமா, மழுப்பாமல் சொல் என்கிறாய். சொல்கிறேன். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததை முதலில் கேள், அது தெரியாமல் மற்றதைச் சொன்னால் உனக்கு விளங்காது.

சின்னவள் வாசலில் சைக்கிளோடு விழுந்துவிட்டாள். முழங்கால் தோல் உரிந்து ரத்தம். நான் உள்ளே பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அம்மா இரண்டடி தூரத்தில்தான் நின்றிருந்தார், கையை நீட்டிக்கொண்டு ஓடி வந்தார். இவள் அந்தக் கையைத் தாண்டி, படியேறி, கதவைத் தள்ளிக்கொண்டு, "அம்மா" என்று வீடே அதிரக் கத்திக்கொண்டு வந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். என் இரண்டு கையிலும் சோப்பு நுரை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் அழுகிறாள், நானும் அழுகிறேன், பெரியவன் பயந்துபோய் அப்பாவைக் கூப்பிடுகிறான்.

விழுந்த குழந்தை அம்மாவிடம் ஓடி வருவது ஒரு செய்தியா என்று நீ கேட்கமாட்டாய், ஆனால் மற்றவர்கள் கேட்டார்கள். காப்பகத்திலிருந்து அவளைத் தத்தெடுத்து வந்த இரண்டாம் மாதத்தை உனக்கு நான் எழுதவே இல்லை. ஒருநாள் சாயங்காலம் குளிப்பாட்டும்போது அவளுடைய வலது கையில் ஒரு விரல் நகம் கருநீலமாக இருந்தது. காலையில் கதவிடுக்கில் சிக்கியிருக்கிறது. பெரியவன் பார்த்திருக்கிறான், ஆனால் இவள் அழாததால் ஒன்றுமில்லை என்று நினைத்துவிட்டான். விரல் சிக்கியதும் அவள் என்ன செய்தாள் தெரியுமா? கையை உருவிக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தாளாம். நாள் முழுவதும் அந்த விரலோடு இருந்திருக்கிறாள், யாரிடமும் காட்டவில்லை. இருபது தொட்டிலுக்கு ஒரு ஆயா இருக்கிற இடத்தில் அழுதால் யார் வருவார்கள்? வரமாட்டார்கள் என்று தெரிந்ததும் குழந்தை அழுவதை விட்டுவிடுகிறது. முதல் நாள் காப்பகத்துக்குள் போனபோது அங்கே இருந்த அமைதியைப் பார்த்து, எவ்வளவு சமர்த்துக் குழந்தைகள் என்று இவர் என் காதில் சொன்னார். பிறகுதான் அந்த அமைதிக்கு அர்த்தம் புரிந்தது.

அதனால் அவள் நாலு வருஷம் கழித்து வாய்விட்டு அழுதுகொண்டு, அதுவும் கிட்டத்தில் இருந்தவரை விட்டுவிட்டு, என்னைத் தேடி வந்தாள் என்றால், அவள் எழுத்துக்கூட்டிப் படித்ததைவிட, சைக்கிள் ஓட்டியதைவிட எனக்கு அது பெரியது. முதல் இரண்டு வருஷம் யார் கை நீட்டினாலும் போவாள். கடையில், பஸ்ஸில், டாக்டர் வரவேற்பறையில், முன்பின் தெரியாதவர் மடியில் ஏறி உட்கார்ந்துகொள்வாள். எவ்வளவு கலகலப்பான குழந்தை என்று எல்லோரும் மெச்சுவார்கள், எனக்கு வயிற்றைப் பிசையும். எல்லோரும் ஒன்றுதான் என்றால் அம்மா என்று தனியாக யாரும் இல்லை என்றுதானே பொருள்? எங்கள் சோஷியல் ஒர்க்கர் சொல்லி, சாப்பாடு ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்கவைப்பது, அடிபட்டால் தேற்றுவது எல்லாம் நானும் அவரும் மட்டும்தான் என்று மாதக்கணக்கில் வைத்திருந்தோம். மாமியாருக்கு அது பெரிய வருத்தம். பேத்தியைத் தொடக்கூடாதா என்றார். விளக்கி விளக்கி ஓய்ந்துபோனேன்.

இனி உன் பையன். பேப்பரில் மூன்று வயது என்றால் மூன்று என்று எண்ணாதே. பிறந்த தேதியே பல சமயம் மதிப்பீடுதான். பிறந்ததிலிருந்து காப்பகத்தில் இருந்திருந்தால், அங்கே கழிந்த ஒவ்வொரு மூன்று மாதத்துக்கும் ஏறக்குறைய ஒரு மாதம் உயரத்தில் பின்தங்குவார்கள் என்று குழந்தை டாக்டர்கள் ஒரு தோராயக் கணக்கு வைத்திருக்கிறார்கள். எங்கள் சின்னவள் மூன்று வயது நாலு மாதத்தில் வந்தாள், இரண்டு வயதுக் குழந்தையின் சட்டை தொளதொளவென்று இருந்தது. முதல் வருஷத்திலேயே மளமளவென்று வளர்ந்தாள், அது பல குழந்தைகளுக்கும் நடக்கிறது. உடம்பு சீக்கிரம் எட்டிப் பிடிக்கிறது. பேச்சும் கவனமும் பயமும் அந்த வேகத்தில் வருவதில்லை.

நான் ராத்திரியில் உட்கார்ந்து படித்ததில் இரண்டு ஆய்வுகள் மனதிலேயே இருக்கின்றன. ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரத்துக் காப்பகங்களில் இருந்த 136 குழந்தைகளை, 6 மாதத்திலிருந்து 31 மாதம் வரை வயதுள்ளவர்களை எடுத்து, குலுக்கல் முறையில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். குடும்பத்துக்குப் போனவர்கள் நன்றாகத் தேறினார்கள், அதிலும் இரண்டு வயதுக்குள் போனவர்கள் கூடுதலாக. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை, நாங்கள் ஒன்றரை வருஷம் பேப்பருக்காகக் காத்திருந்தோமே என்று. இன்னொன்று, அதே ருமேனியாவிலிருந்து இங்கிலாந்துக்குத் தத்துப்போன 165 குழந்தைகளை மைக்கேல் ரட்டர் என்ற மனநல மருத்துவரும் அவர் குழுவும் பெரியவர்களாகும் வரை பின்தொடர்ந்தது. ஆறு மாத வயதுக்குள் வந்தவர்கள் மற்றப் பிள்ளைகளைப் போலவே இருந்தார்கள். அதற்குப் பிறகு வந்தவர்களில் பலருக்குக் கவனச்சிதறலும் ஆட்களோடு பழகுவதில் சிக்கலும் வளர்ந்த பிறகும் இருந்தன. ஆனால் கேள், சிறுவயதில் அறிவுத்திறனில் பின்தங்கியிருந்த பலர் இளைஞர்களானபோது மற்றவர்களுக்குச் சமமாக வந்துவிட்டார்கள். அப்படித் தாமதமாக வந்தவர்களிலேயே ஐந்தில் ஒரு பங்குப் பேருக்கு எந்தக் கட்டத்திலும் பிரச்சினையே இல்லை. நான் பிடித்துக்கொண்டிருப்பது இந்தக் கடைசி இரண்டு வரிகளைத்தான்.

அதற்காக ஃபைலில் இருக்கிற 'லேசான' என்ற சொல்லை நம்பிவிடாதே. லேசாகவும் இருக்கலாம், பின்னால் பெரிதாகவும் தெரியவரலாம், அந்த வயதில் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆயுள் முழுக்கத் துணை வேண்டியிருக்கும் பிள்ளையாக இருந்தாலும் இவன் எங்கள் பையன்தான் என்று உங்கள் இருவராலும் நினைக்க முடிகிறதா? அதைப் பேசிவிட்டுப் பதில் எழுதுங்கள். நீ மட்டும் ராத்திரி பட்டியல் போட்டு முடிவு செய்துவிட்டு அவரிடம் காலையில் சொல்வாயே, அந்தப் பழைய வேலை இதில் வேண்டாம்.

வெவ்வேறு மாதங்களில் எடுத்த தலைச் சுற்றளவைக் கேட்டு வாங்கு. ஒரே ஓர் அளவை வைத்து எதுவும் தெரியாது, வரிசையாக இருந்தால்தான் தலை வளர்கிறதா என்று டாக்டர் பார்ப்பார். தாய் கர்ப்பத்தில் குடித்திருந்தாரா என்று கேள், கூச்சப்படாதே. முகத்தைப் பார்த்து அதைக் கண்டுபிடித்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள், பல பிள்ளைகளுக்கு முகத்தில் ஒரு அடையாளமும் இருக்காது. நாடு விட்டு நாடு தத்தெடுப்பதற்கான 1993 ஹேக் உடன்படிக்கையிலேயே குழந்தையின் பூர்வீகமும் மருத்துவ விவரமும் பாதுகாக்கப்பட வேண்டும் என்று இருக்கிறது, அதனால் நீ ஒன்றும் அதிகமாகக் கேட்கவில்லை. வீடியோ அனுப்பினால், பையன் அழகாகச் சிரிக்கிறானா என்று மட்டும் பார்க்காமல், பொம்மை கைதவறி விழும்போது யார் முகத்தைப் பார்க்கிறான் என்று பார்.

வந்து இறங்கியதும் எல்லா ரத்தப் பரிசோதனையையும் திரும்பச் செய்துவிடு, அங்கே செய்ததாகச் சொன்னாலும் சரி. தடுப்பூசிச் சீட்டையும் டாக்டரிடம் காட்டு. முக்கியமாகக் காது. இதில் எனக்கு இன்னும் ஆறவில்லை. அவள் பேசவில்லை பேசவில்லை என்று நான் சொல்லச் சொல்ல, மொழி மாறியிருக்கிறது, பொறுங்கள், தானாக வரும் என்று ஒரு டாக்டர் பதினொரு மாதம் ஓட்டினார். பள்ளியிலும் அதே பேச்சு, இரண்டு மொழிக் குழந்தை அல்லவா என்று. எங்கே இரண்டு மொழி? பிறந்த மொழி ஆறு மாதத்தில் அவள் வாயிலிருந்து போயே போய்விட்டது. ஒருநாள் அந்த மொழியில் அவளுக்குப் பிடித்த தாலாட்டை நான் தட்டுத் தடுமாறிப் பாடினேன், வேற்று ஆள் பேசுவதைப் போல என்னைப் பார்த்தாள். எங்கள் மொழியோ இன்னும் வரவில்லை. நடுவில் ஒரு மொழியும் இல்லாமல் குழந்தை நின்றது கலா. கடைசியில் வேறு டாக்டர் பார்த்தார், இரண்டு காதிலும் நீர் கோத்திருந்தது. தண்ணீருக்குள் இருந்து கேட்பதைப் போலத்தான் எல்லாம் கேட்டிருக்கும் என்றார். சின்னக் குழாய் வைத்த மூன்றாம் வாரம், ஜன்னலருகில் நின்றுகொண்டு "மழை" என்றாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. சத்தத்தைக் கேட்டுச் சொன்னாள்.

அப்புறம் பேச்சுக்கு ஸ்பீச் தெரபி, அன்றாடக் காரியங்களுக்குப் பழக்குகிற ஆக்குபேஷனல் தெரபி, வாரத்துக்கு மூன்று நாள். சட்டையின் கழுத்துப் பட்டியை வெட்டினால்தான் போட்டுக்கொள்வாள், தலையில் தண்ணீர் ஊற்றினால் மூச்சே நின்றுவிடும் போலப் பதறுவாள், ஊஞ்சலில் மட்டும் மணிக்கணக்கில் அமைதி. தலையணை உறைக்குள் பிஸ்கட் ஒளித்து வைப்பாள். முதலில் கண்டித்தேன், அது தப்பு. பிறகு கட்டிலருகில் ஒரு டப்பா வைத்து அது உன்னுடையது, ஒருநாளும் காலியாகாது என்றேன். ஏழு மாதம் ஆயிற்று, அவளாகவே அதை மறந்தாள். தப்பு செய்தால் தனி அறையில் உட்காரவைப்பதையும் விட்டுவிட்டோம். தனியாக விடப்பட்ட பிள்ளையை மறுபடி தனியாக விட்டு என்ன பாடம் சொல்வது? பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்கிறோம், அடங்கும் வரை.

அன்பு இருந்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்கிறவர்களிடம் நான் இப்போது வாதாடுவதில்லை. உன்னிடம் மட்டும் சொல்கிறேன். மூன்றாவது மாதம் ஒரு ராத்திரி, அவள் ஐந்தாவது முறையாக அலறி எழுந்தபோது, நாம் தப்பு செய்துவிட்டோம், இந்தப் பிள்ளையை எனக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். கலா, நினைத்தேன். மறுநாள் அவளைப் பார்க்கவே கை நடுங்கியது. அவரிடம்கூடச் சொல்லவில்லை. பல வாரம் கழித்துத்தான் ஒரு டாக்டரிடம் போனேன், பெற்றவளுக்கு வருகிற மனச்சோர்வு தத்தெடுத்தவளுக்கும் வரும் என்று அவர் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. உனக்கு அப்படி ஒரு ராத்திரி வந்தால், மணி பார்க்காமல் என்னைக் கூப்பிடு.

இப்போது ஏழு வயது, ஐந்து வயதுக் குழந்தை அளவுக்குப் படிக்கிறாள். மூன்று வேலையைச் சேர்த்துச் சொன்னால் முதலாவது மட்டும் நிற்கும், அதனால் சுவரில் படம் ஒட்டி வைத்திருக்கிறோம். நேற்று, நாளை இரண்டும் இன்னும் குழம்புகிறது. போன மாதம் பள்ளியில் பிறந்த குழந்தையாக இருந்தபோது எடுத்த படம் கொண்டுவரச் சொன்னார்கள். அவளுக்கு அப்படி ஒரு படம் கிடையாது, இருப்பதில் பழையது மொட்டைத் தலையோடு ஃபைலில் வந்ததுதான். டீச்சரிடம் பேசினேன், எந்த வயதுப் படமும் கொண்டு வரலாம் என்று வகுப்புக்கே மாற்றிவிட்டார், நல்ல மனுஷி. இவள் அந்த மொட்டைத் தலைப் படத்தையே எடுத்துக்கொண்டு போனாள். "இது நான், அம்மா வருவதற்கு முன்னால்" என்று சொன்னாளாம்.

வீடியோ வந்ததும் எனக்கும் அனுப்பு, சேர்ந்து பார்ப்போம். பையனுக்கு என்ன பெயர், அதை நீ எழுதவே இல்லையே?

இதோ சின்னவள் வந்து நிற்கிறாள், கால்சட்டையை முழங்காலுக்கு மேலே சுருட்டிக்கொண்டு. காயம் ஆறிப் பொருக்கும் உதிர்ந்துவிட்டது, ஆனாலும் தினமும் சாயங்காலம் வந்து பிளாஸ்டர் ஒட்டச் சொல்கிறாள். ஒட்டிவிட்டுத் தபால் பெட்டிக்குப் போகிறேன்.

உன்,
மாலா