ஃபுரோஷிகிக்கு டேப் வேண்டாம், முடிச்சு போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் பரிசுப் பொருளைத் துணியில் சுற்றிக் கொடுக்கும் ஜப்பானிய ஃபுரோஷிகி முறையைப் பற்றி ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். ஒன்பது வருடமாக யோகோஹாமாவில் இருக்கிறேன், உங்கள் நாளிதழை இணையத்தில்தான் படிக்கிறேன், அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் அவ்வளவு சந்தோஷம். ஆனால் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோது மனசு கேட்கவில்லை. பெட்டியின் அடியில் டபுள் சைடு டேப், மடிப்பு நிற்க இரண்டு குண்டூசி, உச்சியில் சாட்டின் ரிப்பன். அது துணி சுற்றிய பெட்டி, அவ்வளவுதான். ஃபுரோஷிகி என்றால் நான்கு மூலையும் ஒரு முடிச்சும் மட்டுமே. அந்த முடிச்சைப் பற்றி கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை என்பதால்தான் இந்தக் கடிதம்.

நான் இதை முதலில் பார்த்தது என் வீட்டு வாசலில். குடிவந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. பக்கத்து வீட்டு அம்மா, எழுபது வயதுக்கு மேல் இருக்கும், ஊதா நிறத் துணியில் கட்டிய ஒரு பெட்டியோடு வந்தார். செருப்பு விடும் இடத்தில் நின்றபடியே அதை அலமாரி மேல் வைத்து, முடிச்சின் ஒரு வாலைப் பிடித்து விறுக்கென்று இழுத்தார், அப்புறம் மற்றதை உருவினார், முடிச்சு இருந்த இடமே தெரியவில்லை. துணியை நாலு பக்கமும் விரித்து, பெட்டியை என் பக்கமாகத் திருப்பி, இரண்டு கையாலும் கொடுத்தார். துணியும் எனக்குத்தான் என்று நினைத்திருந்தேன். அவர் அதை நாலாக மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

இங்கே பழைய வழக்கம் அதுதான். வழியில் தூசியும் கறையும் படாமல் பரிசைக் கொண்டுவந்து சேர்ப்பது துணியின் வேலை, வந்து சேர்ந்ததும் அது கொண்டுவந்தவரோடு திரும்பிப் போய்விடும். துணியையும் சேர்த்தே கொடுப்பது இன்று நிறைய நடக்கிறது, அதில் தப்பு ஒன்றும் இல்லை, நானும் நெருங்கியவர்களுக்கு அப்படித்தான் கொடுக்கிறேன். ஆனால் "துணியும் பரிசின் ஒரு பகுதி, இதுவே ஜப்பானிய மரபு" என்று உங்கள் கட்டுரை அடித்துச் சொல்வது சரியில்லை. திரும்பி வருவதால்தான் ஒரே துணி ஒரு வீட்டில் இருபது முப்பது வருடம் புழங்குகிறது, திரும்பி வரவேண்டிய துணியில் யாரும் பசை தடவ மாட்டார்கள்.

பசை என்றதும் ஞாபகம் வருகிறது. இரண்டு வருடத்துக்கு முன் எனக்கு ஒரு கடையின் பரிசுப் பெட்டி வந்தது, மெல்லிய பட்டுத் துணியில் சுற்றி, கீழே டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். எவ்வளவு மெதுவாகப் பிரித்தும் ஒரு இடத்தில் இழை இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. பசைத் தடம் இரண்டு முறை துவைத்தும் போகவில்லை. இளம் பச்சையில் அலை அலையாக ஸெய்கைஹா வேலைப்பாடு, நல்ல துணி. இன்று அதை எதற்கும் எடுக்க மனம் வருவதில்லை.

சரி, முடிச்சுக்கு வருகிறேன். இதன் பெயர் மா-முசுபி. பக்கத்து வீட்டு அம்மா எனக்கு அன்றைக்கே வாசலில் நின்றபடி சொல்லிக்கொடுத்தார். இடது கை முனையை வலது கை முனையின் மேல் போட்டு, அடியில் நுழைத்து இழுங்கள். இப்போது அந்த முனை வலப்பக்கம் போயிருக்கும். அதே முனையைத் திரும்ப மற்ற முனையின் மேல் போட்டு, அடியில் நுழைத்து இறுக்குங்கள். இரண்டு முறையும் மேலே போவது அதே முனைதான், அதை மட்டும் மறக்கக் கூடாது. சரியாக வந்திருந்தால் இரண்டு வாலும் முடிச்சின் இரு பக்கமும் படுத்தவாக்கில் நிற்கும், முயல் காது மாதிரி. இரண்டாவது சுற்றில் முனையை மாற்றிப் போட்டால் வால்கள் மேலும் கீழுமாக நெட்டுக்குத்தாக நிற்கும். இங்கே பெரியவர்கள் அதை நல்ல சகுனமாக எண்ணுவதில்லை, அது ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த முடிச்சு நழுவும் என்பதுதான் முக்கியம். கையில் தூக்கிக்கொண்டு படி ஏறும்போது அவிழ்ந்தால் உள்ளே இருப்பது கீழே விழும்.

அவிழ்ப்பதுதான் எனக்கு இன்றும் பிடித்த பகுதி. வலப்பக்க வாலை ஒரு கையில் பிடியுங்கள், அதே வாலின் அடியில், முடிச்சுக்கும் பெட்டிக்கும் நடுவே உள்ள துணியை மறு கையில் பிடியுங்கள், இரண்டையும் எதிரெதிராக இழுங்கள். அந்தப் பக்கத்துத் துணி நேராக நிமிர்ந்துவிடும், மற்ற முனை அதன்மேல் ஒரு வளையமாகச் சுற்றிக்கொண்டு நிற்கும். வளையத்தைப் பிடித்து உருவினால் தீர்ந்தது. எவ்வளவு இறுக்கமாகக் கட்டியிருந்தாலும் நகத்தால் நோண்ட வேண்டியதில்லை, கத்தரிக்கோலும் வேண்டாம். இப்படி இறுகப் பிடித்து, கேட்டவுடன் விட்டுவிடும் முடிச்சு இருக்கும்போது டேப்பும் குண்டூசியும் எதற்கு?

அளவைப் பற்றியும் கட்டுரையில் "தேவையான அளவு துணி" என்று விட்டுவிட்டார்கள். இங்கே எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு சுலபமானது, துணியின் மூலைவிட்டம் பொருளின் நீளத்தைப் போல மூன்று மடங்கு இருக்க வேண்டும். 70 செ.மீ. துணியின் மூலைவிட்டம் ஏறத்தாழ 99 செ.மீ., ஆகவே 33 செ.மீ. வரை நீளமுள்ள பெட்டிக்கு அது சரியாக இருக்கும். 45 செ.மீ. துணிக்கு 21 செ.மீ., 90 செ.மீ. துணிக்கு 42 செ.மீ. ஒரே ஒரு துணிதான் வாங்க முடியும் என்றால் 70 வாங்குங்கள் என்பேன், புத்தகம், பெட்டி, பாட்டில் எல்லாவற்றுக்கும் வரும். இன்னொரு விஷயம், மரபான ஃபுரோஷிகியை அளந்து பார்த்தால் அது சரியான சதுரமாக இருக்காது, ஒரு பக்கம் ஒன்றிரண்டு செ.மீ. கூடுதலாக இருக்கும். இரண்டு ஓரம் நெசவின் கரை, மற்ற இரண்டும் மடித்துத் தைத்த ஓரம், அதனால் அப்படி. ஆகவே எல்லாப் பக்கமும் சமமாக இல்லையே என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம்.

பட்டுதான் உயர்ந்தது என்ற வரியோடும் எனக்கு முழு உடன்பாடு இல்லை. சிரிமென் என்ற சுருக்கப் பட்டு அழகுதான், முடிச்சும் அதில் நன்றாகப் பிடிக்கும். ஆனால் புதிதாகப் பழகுபவருக்கு நடுத்தரக் கனமுள்ள பருத்தியே நல்லது, கை சொன்னபடி கேட்கும், துவைக்கலாம். தடித்த கேன்வாஸ் மாதிரித் துணியில் முடிச்சு உருண்டையாகத் துருத்திக்கொண்டு நிற்கும், இறுகாது.

கட்டும் வகைகளில் நீங்கள் போட்டிருந்தது ஒன்றே ஒன்று, பெயர்கூடச் சொல்லவில்லை. அது ஒட்சுகாய்-ஸுட்சுமி. துணியை வைர வடிவில் விரித்து, நடுவில் பெட்டி வைத்து, நம் பக்கத்து மூலையை மேலே போட்டு நுனியை உள்ளே செருகி, எதிர் மூலையை அதன்மேல் போட்டு, இடமும் வலமும் மிஞ்சும் இரண்டு மூலைகளை மேலே மா-முசுபியாகக் கட்டினால் முடிந்தது. கண்ணாடிப் பாட்டில் இரண்டு சேர்த்துக் கட்டும் முறை இன்னும் அருமை. விரித்த துணியில் இரண்டையும் படுக்கவைத்து, அடிப்பாகங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி, நடுவில் நாலு விரல் அளவுக்குக் கூடுதலாகவே இடம் விட்டு, நம் பக்கத்திலிருந்து சுருட்டிக்கொண்டே போக வேண்டும். பிறகு அந்த இடைவெளியில் மடக்கி இரண்டையும் நிமிர்த்தி நிறுத்தினால் தோளோடு தோள் ஒட்டி நிற்கும், நடுவே துணி இருப்பதால் கண்ணாடியோடு கண்ணாடி இடிக்காது, மேலே வரும் இரண்டு முனைகளைக் கட்டினால் அதுவே கைப்பிடி. தர்பூசணிக்கென்றே சுய்கா-ஸுட்சுமி என்று ஒன்று உண்டு. பக்கத்துப் பக்கத்து மூலைகளை இரண்டிரண்டாகக் கட்டி, ஒரு வளையத்தை மற்றதன் வழியாக இழுத்தால் துணி பையாகிவிடும். முடிச்சே போடாமல் மடித்து மட்டும் கொடுக்கும் ஹிரா-ஸுட்சுமிதான் இருப்பதிலேயே மரியாதையானது. மங்கல நிகழ்ச்சிக்கோ துக்க வீட்டுக்கோ கொண்டுபோகும் பண உறைக்கு ஃபுகுசா என்று தனியாகச் சின்னத் துணி உண்டு, மங்கல நிகழ்ச்சிக்கு வலப்பக்க மடிப்பு கடைசியாக மேலே வரும், துக்கத்துக்கு இடப்பக்கம். ஊதா நிறம் இரண்டுக்கும் பொது. இதெல்லாம் தெரியாமல் மடிப்பை மாற்றிப் போட்டுவிட்டுச் சங்கடப்படுபவர்கள் உண்டு, அதனால்தான் சொல்கிறேன்.

வரலாற்றைப் பற்றி ஒரு திருத்தம். "சுற்றுச்சூழலுக்காக ஜப்பான் கண்டுபிடித்த புதிய முறை" என்று தலைப்புக்குக் கீழே போட்டிருக்கிறீர்கள். நாரா நகரின் ஷோசோஇன் கருவூலத்தில், 8-ஆம் நூற்றாண்டுப் பொருள்களைச் சுற்றி வைத்த துணிகள் இன்னும் இருக்கின்றன. அப்போது பெயர் வேறு. ஃபுரோ என்றால் குளியல், ஷிகி என்றால் விரிப்பு, எடோ காலத்தில் (1603–1868) பொதுக் குளியலறைக்குப் போகிறவர்கள் மாற்றுத் துணியை இதில் கட்டிக்கொண்டு போய், அங்கே இதையே விரித்து அதன்மேல் நின்று உடை மாற்றினார்கள், அதிலிருந்து வந்த பெயர் இது. வியாபாரிகளும் சரக்கை இதில்தான் முதுகில் சுமந்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு காகிதப் பையும் பிளாஸ்டிக் பையும் வந்து இதை ஓரம் கட்டின. 2006-இல் அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் யுரிகோ கொய்கே "மொத்தாய்னாய் ஃபுரோஷிகி" என்று ஒன்றை அறிமுகப்படுத்தினார், பழைய பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டிலிலிருந்து எடுத்த இழையில் நெய்தது, எடோ கால ஓவியர் இத்தோ ஜாகுசூவின் பறவையும் பூவும் அதில் இருந்தன. மொத்தாய்னாய் என்பது பொருள் வீணாகிறதே என்று ஜப்பானியர் மனம் அடித்துக்கொள்ளும்போது வாயில் வரும் சொல். 2020 ஜூலை 1 முதல் இங்கே கடைகளில் பிளாஸ்டிக் பைக்குக் காசு வாங்குவது கட்டாயமானது, என் பையிலும் அன்று முதல் ஒரு துணி எப்போதும் இருக்கிறது. ஆக, பழையது திரும்பி வந்திருக்கிறது. இதைப் புதுக் கண்டுபிடிப்பு என்றால் அந்தப் பக்கத்து வீட்டு அம்மா தன் அம்மாவிடம் கற்றதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டதாகிவிடும்.

ஒரு வேண்டுகோள். அடுத்த ஞாயிறு இணைப்பில் கால் பக்கம் ஒதுக்கினால் போதும். புகைப்படம் வேண்டாம், கோட்டுப் படம் போடுங்கள், ஏனென்றால் பூப்போட்ட துணியைப் புகைப்படம் எடுத்தால் எந்த முனை மேலே போகிறது என்று யாருக்கும் தெரியாது. இரண்டு முனைக்கும் இரண்டு நிறம் கொடுத்து, மா-முசுபி கட்டுவதற்கு நாலு படம், அவிழ்ப்பதற்கு மூன்று படம். வரைவதற்கு ஆள் இல்லையென்றால் நானே வரைந்து அனுப்புகிறேன். பென்சிலில் போட்ட ஏழும் என் மேசை மேல் தயாராக இருக்கின்றன.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
யோகோஹாமா