பழைய வீட்டில் உணவகம்: அடுப்படி பின்கட்டுக்கு அப்பால் இருக்கட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

புதுச்சேரியில் தூமா வீதி, சுய்ப்ரேன் வீதி, வைசியாள் வீதி எனப் பழைய வீடுகள் பலவும் உணவகங்களாகி வருகின்றன. பூட்டிக் கிடந்து பாழாவதைவிட இது எவ்வளவோ மேல். முற்றத்து வெளிச்சத்தில், தாழ்வாரத்து மேசையில் உட்கார்ந்து சாப்பிடும் சுகமே தனி. ஆனால், உணவக அடுப்படியையும் வீட்டுக்குள்ளேயே வைத்தால் வீடு தாங்காது.

இவ்வீடுகளின் மேல்தளம் மெட்ராஸ் டெரஸ் எனும் பழைய முறையில் கட்டியது. மரக்கட்டைகளின் மேல் மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் நெட்டுக்குத்தாக அடுக்கி, அதன்மேல் சுண்ணாம்பு ஜல்லி போட்டு இடித்து, தட்டோடு பதித்திருப்பார்கள். கட்டைகளின் முனைகள் சுவருக்குள் செருகியிருக்கும். காலை முதல் இரவு வரை கொதிக்கும் அடுப்பின் ஆவி, காற்றோட்டமே இல்லாத அந்த முனைகளில்தான் ஈரமாகத் தங்குகிறது. முனை உளுத்த பிறகும் கட்டையின் நடுப்பகுதி திடமாகவே தெரியும். சுவரை ஒட்டிய இடத்தில் கட்டையை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். அரை அங்குலம் எளிதாக இறங்கினால், அதற்குக் கீழே மேசை போடக் கூடாது. இதைப் பார்க்கவே வழியில்லாமல் ஃபால்ஸ் சீலிங் அடிப்பது பெரிய ஆபத்து.

பின்கட்டுக்கு அப்பால், திறந்த இடத்தில் தகரக் கூரை போட்டுத் தனி அடுப்படி அமைப்பதே சரி. 19 கிலோ சிலிண்டர்களும் வெளியில்தான் இருக்க வேண்டும். புகைபோக்கிக்காகப் பழைய தளத்தை உடைக்கவே கூடாது.

மாடியில் டைல்ஸ் ஒட்ட இரண்டு அங்குலம் சிமென்ட் போடுகிறார்கள். அதுவே சதுர அடிக்கு ஏறக்குறைய 10 கிலோ கூடுதல் பாரம். வாடிக்கையாளர்களின் எடை அதற்கு மேல். மாடிக் கழிப்பறை வேண்டவே வேண்டாம். கசிவு நேரே கட்டைக்குத்தான் போகும். சுவரில் சிமென்ட் பூச்சும் பிளாஸ்டிக் பெயின்ட்டும் அடித்தால், உப்புக்காற்று ஊரில் ஈரம் வெளியேற வழியின்றிப் பூச்சு உப்பி உதிரும். நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்குக்கு மணல் இரண்டு பங்கு சேர்த்துப் பூசி, வெள்ளையடித்தாலே போதும்.

2014 நவம்பர் மழையில் கடற்கரைச் சாலையில் பிரெஞ்சுக் காலத்து நகராட்சிக் கட்டடமான மேரி கட்டடமே இடிந்து விழுந்தது. உணவக உரிமம் தருமுன் அடுப்படி எங்கே வருகிறது, கட்டை முனைகள் எப்படி இருக்கின்றன என்பதை நகராட்சிப் பொறியாளர் நேரில் வந்து பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறை உரிமம் புதுப்பிக்கும்போதும், மழைக்காலம் முடிந்த கையோடு மறுபடியும் பார்க்க வேண்டும்.

கட்டட மராமத்துப் பொறியாளர்,
புதுச்சேரி